நார்த் வாஷில் எங்களை இறக்கிவிட்டவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பாறைப் பிளவுகளுக்குள் கயிற்றில் இறங்கிவிட்டுத் திரும்பி, துணி துவைத்து, காதுக்குள் இருந்த மணலைக்கூட எடுத்தாயிற்று, நன்றி மட்டும்தான் இன்னும் பாக்கி. வாட்ஸாப்பில் ஒரு கும்பிடு போட்டு முடிக்கிற விஷயம் இல்லை இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பெயர் போட்டால் நெளிவார்கள் என்பதால் ஊரைச் சொல்லியே கூப்பிடுகிறேன், அவரவருக்குப் புரியும்.

முதல் நன்றி டென்வர் அண்ணனுக்கு. வராதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன்: பவல் ஏரியின் மேல்கோடியில், ஹேங்க்ஸ்வில் ஊரிலிருந்து ஹைட்டுக்குப் போகிற 95-ஆம் எண் சாலையை ஒட்டி நார்த் வாஷ் இருக்கிறது. எப்போதாவது வருகிற வெள்ளம் மணற்பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய ஸ்லாட் கேன்யன்கள், அதாவது ஆழமான ஒடுக்கப் பிளவுகள், அங்கே நிறைய. நாங்கள் போனது லெப்ரிகான். மேலே பாறை முதுகில் ஏறிப்போய், பிளவுக்குள் கயிற்றில் இறங்கி, அடிவழியாக வெளியே வர வேண்டும். அந்தப் பக்கம் பழகியவர்கள் பாறையில் துளை போட்டு போல்ட் அடிப்பதை விரும்புவதில்லை. இடுக்கில் சிக்கிய கல்லோ, குவித்துப் புதைத்த கற்களோதான் கயிற்றுக்குப் பிடிமானம். அதுவும் இல்லாத இடத்தில் ஆளே பிடிமானம்.

அந்த ஆள் எல்லா இடத்திலும் அண்ணன்தான். பள்ளமான இடமாகப் பார்த்து மணலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் எதிர்ப்பாறையில் உதைத்துக்கொண்டு, கயிற்றைத் தன் ஹார்னஸில், அதாவது இடுப்புப் பட்டையில், மாட்டிக்கொள்வார். நாங்கள் ஒவ்வொருவராகத் தொங்கி இறங்குவோம், மொத்த எடையும் அவர் இடுப்பில். சரி, எல்லாரும் இறங்கியாயிற்று, அவருக்கு யார் பிடிப்பது? யாரும் கிடையாது. முதுகை ஒரு சுவரிலும் உள்ளங்காலை எதிர்ச்சுவரிலும் அழுத்திக்கொண்டு, கையால் தொடைக்குப் பக்கத்தில் ஊன்றி ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வந்தார். சட்டையின் முதுகுப்பக்கம் நூல் நூலாகத் தெரிந்தது. கீழே நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம், கடைசியில் அவர் ஷூ என் தோளில் வந்து உட்கார்ந்தபோது மேலிருந்து கேட்ட கேள்வி, "வலிக்குதா?" வலித்தது அண்ணா, பரவாயில்லை. அந்தத் தோள்பட்டையில் இன்னும் கொஞ்சம் நீலம் இருக்கிறது, அதையும் பெருமையாகத்தான் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து பீனிக்ஸ் அக்கா. இறங்குவதற்கு முன் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து நின்று, ஹார்னஸ் பட்டையை இழுத்துப் பார்த்து, கயிறு மாட்டுகிற காராபினர் கொக்கியின் பூட்டை விரலால் அழுத்திப் பார்த்து, தலைமுடியை ஹெல்மெட்டுக்குள் தள்ளிவிட்டு, அப்புறம்தான் "போ" என்பார். முடியோ சட்டை நுனியோ இறங்கும் கருவிக்குள் மாட்டினால் நடுவானில் நிற்க வேண்டியதுதான் என்று அவர் சொன்னபோது சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று நாங்கள் சொன்னாலும் மறுபடி பார்ப்பார். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது, உண்மையைச் சொன்னால். ஆனால் அப்படி எரிச்சல் மூட்டுகிற ஒருவர் இல்லாத குழுவோடு நான் இனி எங்கும் போவதாக இல்லை.

கீழ்ப்பகுதியில் பிளவு ஒடுங்கிப்போய் மார்பும் முதுகும் ஒரே நேரத்தில் பாறையில் உரசுகிற இடம் வந்ததே, பகலிலும் ஹெட்லைட் போட வைத்த இடம், அங்கே எனக்கு மூச்சு வேகமாகிவிட்டது. சால்ட் லேக் தம்பி என் பையைக் கழற்றி வாங்கித் தன் காலில் கட்டி இழுத்துக்கொண்டு போனான். முகத்தை முன்னாலேயே திருப்பி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போய்த் திருப்ப இடம் இருக்காது, மூச்சை விட்டபிறகு நகருங்கள் என்று அவன் முன்னாலிருந்து பேசிக்கொண்டே போக, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். பழைய மழைத்தண்ணீர் தேங்கிய குழி ஒன்று இடுப்பளவு இருந்தது, வெயில் படாத தண்ணீர், பல் கிட்டித்துவிட்டது. அவன் கடன் கொடுத்த வெட்சூட், குளிர்தண்ணீருக்கான அந்த ரப்பர் உடை, இல்லாமல் போயிருந்தால் என் பாடு திண்டாட்டம்தான்.

மறுநாள் திட்டத்தை ரத்து செய்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அமெரிக்கத் தேசிய வானிலை சேவை இந்தப் பகுதிக்குத் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு நிலைகளாகச் சொல்கிறது. அன்று அது இரண்டாவது நிலைதான், 'வரக்கூடும்' என்கிற அளவு. தலைக்குமேல் நீல வானம். போகலாமே என்று எங்களில் பாதிப்பேர் முனகினோம். 1997 ஆகஸ்டில் இதே ஏரியின் மறுகோடியில், பேஜ் ஊருக்குப் பக்கத்து ஆன்டிலோப் கேன்யனில், பல மைல் தள்ளிப் பெய்த மழையின் வெள்ளம் 11 பேரைக் கொண்டுபோனதை அண்ணன் இரண்டே வரியில் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. அன்று மழை வந்ததா என்று கேட்காதீர்கள், அது கேள்வியே இல்லை.

திட்டம் ரத்தானதால்தான் ஹைட் மேட்டைப் பார்க்கக் கிடைத்தது. கிளென் கேன்யன் அணை 1963-இல் மூடப்பட்டு ஏரி நிரம்பியபோது பழைய ஹைட் ஊர் மூழ்கிப்போனது. இப்போது ஏரி பின்வாங்கி, படகு இறக்குகிற கான்கிரீட் சரிவு வறண்ட மண்ணில் போய் முடிகிறது, ஏரிக்குள் மறைந்திருந்த கொலராடோ நதி மறுபடியும் பழுப்பு ஆறாக ஓடுகிறது. பக்கத்திலேயே வந்து சேர்கிற ஆற்றுக்கு 'டர்ட்டி டெவில்' (அழுக்குப் பிசாசு) என்று பெயர் வைத்தது 1869-இல் படகில் வந்த பவல் குழு. போரில் ஒரு கையை இழந்த மனிதர் பவல், அவர் கொலராடோவில் இப்படி வந்திருக்கிறார். நான் இரண்டு கை வைத்துக்கொண்டு புலம்பியதை நினைத்துக்கொண்டேன்.

கூடாரத்தில் தங்கி, சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் சாட்டிலைட் கருவியில் உதவி கேட்க வேண்டும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்கு என்ன சொல்வது! அங்கே செல்போன் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. அத்தனை கவலையிலும் புளியோதரை கிளறி வைத்திருந்தார்கள். நுண்ணுயிர்கள் மண்ணைப் பின்னி உண்டாக்கிய, கறுத்து முண்டு முண்டாக இருக்கும் அந்த உயிர்மண் படலத்தை மிதித்தால் தேறப் பல வருடம் ஆகும் என்று எங்களை மணல் ஓடையிலேயே நடக்க வைத்த டூசான் தம்பதிக்கும், எல்லாருடைய கழிவுப் பைகளையும் முகம் சுளிக்காமல் தங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டதற்காக, பெரிய கும்பிடு. ஹேங்க்ஸ்வில்லில் பாறையைக் குடைந்து வைத்திருக்கும் ஹாலோ மவுண்டன் கடைக்கும் நன்றி, அந்த ஐஸ் இல்லாவிட்டால் தயிர் கெட்டிருக்கும்.

தம்பி, வெட்சூட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போட்டிருக்கிறேன், முழங்காலில் ஒரு கிழிசல், ஒட்டித் தருகிறேன். அக்கா, உங்கள் தோல் கையுறை ஒன்று என் பையில் வந்துவிட்டது, வலதுகை. கயிறு இரண்டு இடத்தில் உரசி நார் தெரிகிறது என்று அண்ணன் சொன்னார், புதுக் கயிற்றுக்கு ஆளுக்கு எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டு அனுப்புங்கள், அவர் தானாகக் கேட்க மாட்டார்.