நீராவி நாவல்களில் ஃபயர்மேனைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் படிக்கலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் மாயாஜால நாவல்களையும், நீராவி எஞ்சினே எல்லாவற்றையும் ஓட்டும் கற்பனை உலகத்துக் கதைகளான 'ஸ்டீம்பங்க்' நாவல்களையும் பட்டியல் போட்டிருந்தீர்கள். பக்கத்தில் பெரிதாக ஒரு படம். பித்தளைக் குழாய்கள், பற்சக்கரங்கள், நெற்றியில் வெல்டிங் கண்ணாடி மாதிரி ஏதோ மாட்டிய பெண், பின்னால் புகை கக்கும் ஆகாயக் கப்பல். நான் முதலில் தேடியது கேஜ் கிளாஸை. கொதிகலனில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. படத்தில் இல்லை. அது இல்லாத பாய்லர் பக்கத்தில் நான் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டேன்.

நான் இலக்கியவாதி இல்லை. 1972ல் விழுப்புரம் லோகோ ஷெட்டில், அதாவது ரயில் எஞ்சின் கொட்டகையில், கிளீனராகச் சேர்ந்து, எஞ்சின் நெருப்புக்குக் கரி அள்ளிப் போடும் செகண்ட் ஃபயர்மேன், ஃபர்ஸ்ட் ஃபயர்மேன், யார்டுக்குள் எஞ்சின் ஓட்டும் ஷண்டர் என்று ஏறி டிரைவராக ஓய்வு பெற்றவன். அப்போது கரண்ட் எஞ்சின் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரைதான் வரும். டீசல் வந்து பிடுங்கும்வரை அதற்குத் தெற்கே எங்கள் ராஜ்யம். இந்தப் புத்தகங்கள் என் கைக்கு வந்தது பேத்தியால். கோவையில் எஞ்சினியரிங் படிக்கிறாள். லீவு முடிந்து போகும்போது தலையணை தலையணையாக நாலு புத்தகத்தை விட்டுவிட்டு, "எல்லாம் உங்க எஞ்சின் கதைதான் தாத்தா, படிச்சுப் பாருங்க" என்றாள். கண்புரை ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி போட்டிருந்த நேரம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நாளைக்குப் பத்துப் பக்கம் ஓட்டினேன்.

ஒன்று மனசுக்குப் பிடித்தது. பிலிப் ரீவ் 2001ல் எழுதிய 'மார்ட்டல் எஞ்சின்ஸ்'. லண்டன் நகரமே சக்கரத்தில் ஏறிக்கொண்டு, வற்றிப்போன வட கடலின் தரையில் ஒரு சின்னச் சுரங்க ஊரைத் துரத்துகிறது. பிடித்து விழுங்கிப் பிரித்துப் போட்டு இரும்பை எடுத்துக்கொள்கிறது. ஆரம்பமே அதுதான். ஊர் முழுக்க அடுக்கு அடுக்காக இருக்கிறது. வசதியானவர்கள் மேலே, அடி வயிற்றில் புகையிலும் சூட்டிலும் கைதிகள். அந்த அடி வயிற்றுப் பக்கங்களை இரண்டு தடவை படித்தேன். எழுதியவர் கீழே இறங்கிப் பார்த்திருக்கிறார்.

மற்ற மூன்றில் பிரபுக்கள், கேப்டன்கள், விஞ்ஞானிகள், அவர்களுடைய காதலிகள் எல்லாரும் இருக்கிறார்கள். கரி அள்ளிப் போட ஓர் ஆள் இல்லை. "எஞ்சின் உறுமியது" என்று ஒரு வரி வரும். கப்பல் கிளம்பிவிடும்.

அப்படியெல்லாம் கிளம்பாது. ஆறிக் கிடக்கும் எஞ்சினை லைட்-அப் செய்து ஸ்டீம் ஏற்ற ஆறேழு மணி நேரம் பிடிக்கும். எண்ணெயில் நனைத்த காட்டன் வேஸ்ட், விறகு, அப்புறம்தான் கரி. நாங்கள் ஓட்டிய 'ஒய்.பி.' ரக மீட்டர்கேஜ் நீராவி எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தம். எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டரில் சுமார் 3,000 காலன் தண்ணீர் பிடிக்கும். அதுவும், எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய்க் கம்பமான வாட்டர் காலம் அடுத்து எங்கே என்று தேட வைக்கும். கரியைக் குவித்துக் கொட்டினால் ஆகாது. பின் மூலைகளுக்குக் கொஞ்சம் கூடுதல், ஓரங்களுக்கு அடுத்து, நடுவில் மெல்லிசாக. நாலு ஷவல் போட்டுக் கதவை மூடி, புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். கறுப்பாக வந்தால் கரி வீண் என்று டிரைவர் திட்டுவார். உங்கள் படத்தில் வந்த புகைக்கு எனக்குச் சார்ஜ் ஷீட்டே கொடுத்திருப்பார்கள்.

ஒரு மழை இரவு. விருத்தாசலம் போகும் வண்டி, பரிக்கல் தாண்டியாயிற்று. கேஜ் கிளாஸில் தண்ணீர் அடி நட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டரைத் திறந்தால் பிடிக்க மாட்டேன் என்கிறது; ஸ்டீம் கீழே ஓவர்ஃப்ளோவில் பீய்ச்சிக்கொண்டு போகிறது. தண்ணீர் இன்னும் இறங்கினால் நெருப்புப் பெட்டியின் கூரை வெளியே தெரியும், அங்கே இருக்கிற ஈய அடைப்பான லெட் பிளக் உருகும், ஸ்டீம் நெருப்பின் மேலேயே கொட்டும். அதற்குப் பிறகு வண்டி நகராது, என் வேலையும்தான். டிரைவர் ஓர் ஆங்கிலோ இந்தியர், அதிகம் பேசாதவர். ஈரக் காட்டன் வேஸ்ட்டை என் கையில் திணித்து இன்ஜெக்டரைக் காட்டினார். அதன் உடம்பில் சுற்றி, வாளித் தண்ணீரை ஊற்றினேன். மூன்றாவது முறை திறந்தபோது 'கீங்' என்று பாட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த இன்ஜெக்டரைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஜிஃபார்ட் என்ற பிரெஞ்சுக்காரர். 1858ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1852 செப்டம்பரில், இதே ஆள் நிஜமாகவே நீராவியால் ஓடும் ஆகாயக் கப்பலில் பாரிஸிலிருந்து கிளம்பி ஏறக்குறைய 27 கிலோமீட்டர் பறந்திருக்கிறார். எஞ்சினுக்கு 3 குதிரைச் சக்தி. தலைக்கு மேலே பை நிறைய எரியக்கூடிய வாயு, கீழே நெருப்பு. அதனால் புகைபோக்கியைத் தலைகீழாகக் கீழ்நோக்கி வைத்தார். காற்றை எதிர்த்துத் திரும்பி வர அந்தச் சக்தி போதவில்லை. நாவல்களில் வரும் பித்தளைக் கப்பல்கள் எல்லாவற்றையும்விட எனக்கு அந்தத் தலைகீழ்ப் புகைபோக்கி பெரிதாகத் தெரிகிறது. பயந்தவன் செய்த வேலை அது.

ஜூல் வெர்னிடம் அந்தப் பயம் இருந்தது. 1880ல் வந்த அவருடைய நாவலில் நீராவி யானை ஒன்று இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு வட இந்தியா முழுக்கப் போகிறது. கதை நடப்பது 1857 கிளர்ச்சிக்குப் பத்து வருஷம் கழித்து; நானா சாகிப்பை வில்லனாக்கியிருப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் யானைக்கு டிரைவர் உண்டு, ஃபயர்மேனும் உண்டு. டிரைவர் ஸ்டோர் என்கிற ஆங்கிலேயர். ஃபயர்மேன் காலூத் என்கிற இந்தியர், வெயிலையும் உலைச் சூட்டையும் சேர்த்துத் தாங்கக்கூடிய ஜாதி ஆள் என்று அறிமுகம். நாங்கள் தாங்கவில்லை ஐயா, வேறு வழியில்லாமல் நின்றோம். இருந்தாலும் பெயராவது போட்டார். கடைசியில் யானை வெடிக்கவும் வெடிக்கிறது; அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மாயாஜால நாவல்களைப் பற்றி நான் அதிகம் சொல்லக் கூடாது, ஒன்றைத்தான் முழுசாக முடித்தேன். மூன்று வரைபடம், நாற்பது ராஜாக்கள். கோலை ஆட்டினால் நெருப்பு வருகிறது, ஆட்டியவனுக்குக் கை வலிக்கவில்லை. எங்கள் ஆத்தா சொன்ன விக்கிரமாதித்தன் கதையில் கணக்கு இருந்தது. ராஜாவுக்கு ஆயிரம் வருஷம் அரியணையில் இருக்க வரம், பட்டிக்கோ இரண்டாயிரம் வருஷ ஆயுள். என்ன செய்தான் பட்டி? நாடாறு மாசம், காடாறு மாசம் என்று பிரித்து ஆயிரத்தை இரண்டாயிரமாக இழுத்தான். வரத்தையே டியூட்டி ரோஸ்டர் போட்டுக் காப்பாற்றியவன் அவன்.

'ஸ்டீம்பங்க்' என்ற பெயரே 1987ல் ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு பத்திரிகைக்குப் பாதி கிண்டலாக எழுதிய கடிதத்தில்தான் பிறந்ததாம். பேத்தி சொன்னாள். அந்தத் தைரியத்தில்தான் நானும் எழுதுகிறேன். உங்கள் இணைப்பில் சிறுகதைப் போட்டி வைக்கிறீர்களே, ஒரு வருஷம் நீராவிக்கு என்று வையுங்கள். விக்டோரியா மகாராணியின் லண்டன் வேண்டாம். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வே பணிமனை 1928ல் பொன்மலைக்கு மாறியது. ஒரு ஊரின் உலையும் கடைசல் மெஷினும் இன்னொரு ஊருக்குப் போனதில் கதை இல்லாமலா இருக்கும்?

பேத்தியும் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கதாநாயகி ஆகாயக் கப்பலில் மூன்று நாள் நிற்காமல் பறக்கிறாள். தண்ணீர் எங்கே பிடித்தாள் என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து, மேகத்திலிருந்து தண்ணீர் இறக்க ஒரு குழாயும், கரி அள்ள ஒரு பையனும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். பரவாயில்லை. அவனுக்கு ரெஸ்ட் எத்தனை மணி நேரம் என்று திரும்பக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மீட்டர்கேஜ் டிரைவர்,
விழுப்புரம்.