இரும்புக் கடைக்கு இயந்திரம் போகலாம், அதன் காகிதம் போகக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இப்பகுதியில் வெளிவந்த வாசகர் கடிதம் ஒன்றில், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் பழைய தொழிற்சாலை இயந்திரங்களை வாங்கிப் பழுது பார்ப்பது காசைக் கரியாக்கும் வேலை என்று எழுதப்பட்டிருந்தது. பதினான்கு மாதங்களாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பதால், காசு கரியாகிறது என்பதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அதற்குக் காரணம் இயந்திரத்தின் வயது என்று அந்த அன்பர் நினைப்பது சரியன்று. தொழிற்சாலைகள் அதைக் கைகழுவி விடுகிற விதம்தான் காரணம்.

1972-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கிய பிறகு, அங்கிருந்த மின்னணு ஆலைகளுக்கு வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களை வார்த்துக் கொடுக்கும் சிறு தொழிற்சாலைகள் எதிர்க்கரையிலுள்ள பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் எழுந்தன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்ற பலர் அவற்றில்தான் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் மோல்டிங் மெஷின் வேலையைக் கற்றுக்கொண்டோம். அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலை மூடப்பட்டபோது வெளியே வந்த அச்சை 50 டன் விசையில் மூடும் ஜப்பானிய இயந்திரம் ஒன்றை, பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடமிருந்து, கிலோ கணக்கில் எடை பேசி வாங்கினேன். பெயர்த் தகட்டில் 1983 என்று இருக்கிறது. மூன்று கட்ட மின்சாரம் கேட்கும் பொருளைத் தாமான் குடியிருப்பு வீட்டில் வைக்க வழியில்லை. நண்பர் ஒருவரின் பட்டறையில் ஓரமாக இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

இரும்பு வேலை என்னைப் பெரிதாகச் சோதிக்கவில்லை. எண்ணெய்த் தொட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது எண்ணெயாகத் தெரியவில்லை; தேத்தண்ணீரில் பால் கலந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. குளிர்விப்பானின் குழாயில் ஓட்டை விழுந்து தண்ணீர் கலந்திருந்தது. குழாயை மாற்றி, தொட்டியைத் துடைத்து, கல்லாய் இறுகிப் போயிருந்த ரப்பர் சீல்களை எல்லாம் புதிதாகப் போட்டேன். கழிவெண்ணெயை உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் ஒப்படைத்தேன் என்பதையும், சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருப்பதால், இங்கே குறிப்பிட்டு வைக்கிறேன். அச்சை மூடித் திறக்கும் டாகிள் மூட்டுகளில் தேய்மானம் குறைவு. அச்சு நகரும் தடமான நான்கு டை பார் தண்டுகளிலும் துரு மேலோட்டமாகவே பிடித்திருந்தது. இவை எல்லாம் சேர்ந்து இரண்டு மாத வேலை.

மீதிப் பன்னிரண்டு மாதங்கள் எங்கே போயின என்றால், ஒரு காகிதம் இல்லாததால் போயின. மின்பெட்டிக் கதவின் உள்பக்கத்தில், மின்சுற்று வரைபடத்தைச் செருகி வைப்பதற்கென்றே ஒரு தகரப் பை இருக்கும். இந்த இயந்திரத்தில் அந்தப் பை காலியாக இருந்தது. போதாதென்று, செம்புக் கம்பிக்கு விலை கிடைக்கும் என்பதால், பெட்டியிலிருந்து வெளியேறும் கம்பிகளை எல்லாம் யாரோ ஒரே வீச்சில் கத்தரித்திருந்தார்கள். கம்பி முனைகளில் எண் வளையங்கள் இருந்தனவே தவிர, எந்த எண் எந்த வால்வுக்குப் போகிறது என்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு கம்பியாக மீட்டரை வைத்து, அது 'பீப்' என்கிறதா என்று கேட்டுக் கேட்டு, நூற்று நாற்பது கம்பிகளுக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் நானே வரைபடம் எழுதினேன்.

அவ்வாறு தேடும்போதுதான், முன்பக்கப் பாதுகாப்புக் கதவின் லிமிட் சுவிட்சுக்குப் போக வேண்டிய இரண்டு கம்பிகள், பெட்டிக்குள்ளேயே ஒன்றோடொன்று முறுக்கப்பட்டுக் கறுப்பு டேப்பால் சுற்றப்பட்டிருப்பதைக் கண்டேன். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக இயந்திரம் நினைத்துக்கொள்வதற்காகச் செய்த வேலை அது. உற்பத்தி எண்ணிக்கையைக் கூட்ட எத்தனையோ இடங்களில் இப்படிச் செய்தார்கள். நானும் அந்தக் காலத்தில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவன்தான். ஐம்பது டன் விசையில் அச்சு மூடும்போது நடுவில் விரல் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மின்சுவிட்ச், எண்ணெய் அழுத்தத்தை நிறுத்தும் வால்வு, குறுக்கே விழும் இரும்புத் தண்டு ஆகிய மூன்று தடைகளும் சரியாக வேலை செய்கின்றன என்று உறுதியான பிறகே மோட்டாரை ஓடவிட்டேன். இதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள நினைக்கிற இளைஞர்கள் யாராயினும், பெயிண்ட் அடிப்பதற்கு முன் இந்தக் கதவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெப்பத்திலும் இதே கதைதான். பிளாஸ்டிக்கை உருக்கும் உருளையான பேரலின் மூன்றாம் பகுதியில் பழைய பிளாஸ்டிக் கருகி ஒட்டியிருந்தது. காரணம் முதலில் புரியவில்லை. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஜே வகை தெர்மோகப்பிளுக்கு, அதாவது இரு உலோகக் கம்பிகளால் வெப்பத்தை அளக்கும் உணரிக்கு, உரியது. இடையில் யாரோ அந்த ஓர் இடத்தில் மட்டும் கே வகையை மாட்டியிருக்கிறார்கள். அப்படி மாட்டினால் பேரல் உண்மையில் 200 பாகை செல்சியஸில் இருக்கும்போது கருவி சுமார் 160 என்றே காட்டும். ஆபரேட்டரும் சூடு போதவில்லை என்று எண்ணி மேலும் ஏற்றுவார். ஜே வகையின் ஒரு கம்பி இரும்பு என்பதால் காந்தத்தை அருகில் கொண்டுபோனால் இறுக ஒட்டிக்கொள்ளும். இங்கே அப்படி இறுக ஒட்டாததால்தான் பிடிபட்டது. என்ன வகை பொருத்த வேண்டும் என்பது கையேட்டில் ஒரு வரியாக இருந்திருக்கும்.

அதைவிட ஆபத்தானது, கடைசியாக உள்ளே ஓடிய பிளாஸ்டிக் எது என்ற விவரம் இல்லாதது. முதன்முறை பேரலைச் சூடாக்கியபோது பேரலின் முனையான நாசிலிலிருந்து எழுந்த புகை கண்ணைக் கரித்தது, மூக்கில் ஊசி குத்தியதுபோல் இருந்தது. அசிட்டால் வகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடாகிச் சிதையும்போது வரும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் நெடி அது என்று பழக்கத்தால் தெரிந்தது; உடனே மின்சாரத்தை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அசிட்டால் கிடந்த அந்தப் பேரலில், தெரியாமல் பிவிசியைப் போட்டிருந்தால், அதிலிருந்து வரும் அமிலம் சிதைவைப் பன்மடங்கு வேகப்படுத்தி, அழுத்தம் ஏறி, நாசிலே பிய்த்துக்கொண்டு பறந்திருக்கக்கூடும். பிறகு பேரலுக்குள் இருக்கும் திருகை வெளியே இழுத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்ய இரண்டு வாரம் பிடித்தது.

இத்தனை பழைய இயந்திரம் இன்று எதற்குப் பயன்படும் என்றும் அந்த அன்பர் கேட்டிருந்தார். திருகு சுழன்றுகொண்டே பின்வாங்கி, உருகிய பிளாஸ்டிக்கைத் தனக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு, பிறகு முன்னே பாய்ந்து அச்சுக்குள் தள்ளும் இந்த ஏற்பாடு 1950-களில் உருவானது. இன்று கணினித் திரையோடு வரும் இயந்திரத்துக்குள்ளும் அதே திருகு அதே வேலையைத்தான் செய்கிறது. தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் சனிக்கிழமைகளில் வருகிறான். திரையில் எந்தப் பக்கத்தில் எந்த அளவை மாற்ற வேண்டும் என்பது எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். ஆனால் அந்த எண்ணை மாற்றினால் எந்த வால்வு அசைகிறது என்பதை அவன் இங்கே வந்துதான் கையால் தொட்டுப் பார்த்தான்.

ஆகவே தொழிற்சாலை உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. இயந்திரத்தை விற்பதும் எடைக்குப் போடுவதும் அவர்கள் உரிமை. போடுவதற்கு முன், மின்சுற்று வரைபடத்தையும் கையேட்டையும் அதன் மின்பெட்டிக்குள்ளேயே விட்டுவைக்கட்டும். கடைசியாக ஓடிய பிளாஸ்டிக்கின் பெயரை ஓர் அட்டையில் எழுதி பிளாஸ்டிக்கைக் கொட்டும் ஹாப்பரில் கட்டட்டும். கம்பியை வெட்டாமல் இணைப்பிலிருந்து கழற்றச் சொல்லட்டும். ஒரு மணி நேர வேலை. 1989 முதல் பயிற்சி அளித்துவரும் பினாங்குத் தொழில்திறன் மேம்பாட்டு மையம் போன்ற இடங்களுக்கு, இப்படிக் காகிதத்தோடு கூடிய பழைய இயந்திரம் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் லோரியில் ஏற்றட்டும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை 6,000 மலேசிய வெள்ளிக்கு மேல் செலவு; வரவு, இயந்திரத்தோடு வந்த பழைய அச்சில் வார்த்த நான்கு வானொலிப் பொத்தான்கள். அவற்றிலும் இரண்டு பாதிதான் நிரம்பின. உருகிய பிளாஸ்டிக் பின்னால் வழியாமல் காக்க, திருகின் முனையில் உள்ள தடுப்பு வளையம் தேய்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதன் சரியான அளவு தெரியாமல் கடைசல்காரரிடம் கொடுக்க முடியவில்லை. எண்பதுகளில் பிறை வட்டாரத்தில் ஜப்பானிய மோல்டிங் மெஷின்களைப் பொருத்திய பழைய நண்பர்கள் எவர் வீட்டு அலமாரியிலாவது 50 டன் இயந்திரத்தின் கையேடு இருந்தால், இந்நாளிதழ் வழியாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். நகல் எடுத்துக்கொண்டு மறுநாளே திருப்பித் தந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோல்டிங் தொழில்நுட்பப் பணியாளர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு.