சொந்தக் காரில் ஊட்டிக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பள்ளித் தேர்வு முடிந்ததும் ஊட்டிக்குத் திட்டம் போடுகிற வீடுகளில் முதலில் எழுதப்படுவது பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, ரோஜாப் பூங்கா, பைக்காரா என்று இரண்டு நாளில் பத்து இடம். அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். எந்தக் கிழமை ஏறப்போகிறீர்கள், எத்தனை மணிக்கு மேட்டுப்பாளையத்தைத் தாண்டுவீர்கள், எந்தச் சாலையில் இறங்குவீர்கள் என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள். மலையில் வண்டி ஓட்டுகிறவர்களும் விடுதி நடத்துகிறவர்களுமாகச் சேர்ந்து இதைக் கேட்டுக்கொள்கிறோம்.

அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸோடுதான் வர முடியும். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. நீங்கள் வரும் ஆண்டில் என்ன வரம்பு என்பதை அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அறையை முதலில் பிடித்துவிட்டு, கிளம்புகிற வாரத்தில் பாஸ் தேடுகிறவர்கள்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள். இன்னொரு சிக்கல், பாஸ் வண்டி எண்ணுக்குத்தான் தரப்படுகிறது. வாடகை வேன்காரர் கடைசி நேரத்தில் வேறு வண்டியை அனுப்பினால் பழைய பாஸ் செல்லாது. எந்த வண்டி என்று எண்ணோடு கேட்டு வாங்கிய பிறகே விண்ணப்பியுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

கிழமையைப் பொறுத்தவரை திங்கள் காலை ஏறி வியாழன் இறங்குங்கள். வெள்ளி மாலை ஏறி ஞாயிறு மாலை இறங்குவதுதான் எல்லோருடைய திட்டமும். அதனால்தான் அது வேலைக்காவதில்லை. மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் தாவரவியல் பூங்காச் சாலையில் வண்டி நகராது. கண்காட்சிக்கு முந்தைய வாரத்திலேயே தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை பூத்திருக்கும். பூவைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த வாரமே போதும். மலரால் செய்த யானையையும் கோபுரத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் வேறு வழியில்லை, கூட்டத்தைச் சகித்துக்கொள்ளுங்கள்.

பாதை. சீசன் நாட்களில் காவல்துறை வழக்கமாக ஒருவழிப்பாதை போடுகிறது: மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு, குன்னூர் வழியாக ஏற்றம், ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியாக இறக்கம். காலை 6 மணிக்கு மேட்டுப்பாளையத்தை விட்டால் நெரிசலுக்கு முன் குன்னூரைப் பிடித்துவிடலாம். 9 மணிக்கு மேல் கிளம்பினால் பர்லியாற்றுக்கு மேலே கிளட்சை மிதித்தபடியே ஊர்ந்து போகவேண்டிவரும். கிளட்ச் கருகுவது அப்படித்தான். வரிசை நின்றால் பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். நியூட்ரலுக்குப் போய்க் கைப்பிரேக்கைப் போடுங்கள். முன்னே இரண்டு கார் அளவுக்கு இடம் விழுந்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள்.

காலை உணவை மேட்டுப்பாளையத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். பூரி மசாலை நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பிள்ளைகள் பின்சீட்டில் என்ன செய்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். கிளம்பும்போது ஒரு இட்லி, இரண்டு பிஸ்கட் போதும். வெறும் வயிறும் கூடாது. வாந்தி வரும் பிள்ளை சாலையை நேராகப் பார்க்கும்படி உட்காரட்டும், ஜன்னல் சற்றுத் திறந்திருக்கட்டும், கையில் செல்போன் இருக்கவே கூடாது. மாத்திரை கொடுப்பதானால் வளைவுகள் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்கவேண்டும். அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குன்னூரில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, 1874-இல் உருவான சிம்ஸ் பூங்காவில் காலையைக் கழிக்கலாம். ஊட்டியில் எப்படியும் பகல் 12 மணிக்கு முன் அறை கிடைக்காது.

மலை ரயில் பற்றி ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் ரயிலுக்கு 60 நாளுக்கு முன் பதிவு திறக்கும்போதே உட்கார்ந்தால்தான் சீட்டு. பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது. சீட்டுக் கிடைக்காவிட்டால் குன்னூர்–ஊட்டி மட்டும் ஓடும் ரயிலில் போகலாம். ஆனால் அதில் பல்சக்கரமும் இல்லை, நீராவி எஞ்சினும் இல்லை, டீசல்தான் இழுக்கும். இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊருக்குள் வந்ததும் காரை விடுதியிலேயே நிறுத்திவிடுங்கள். சேரிங் கிராஸிலும் படகு இல்லச் சாலையிலும் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். சீசனில் அரசு விடும் சுற்றுப் பேருந்து முக்கிய இடங்களைத் தொட்டுப் போகிறது. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவைக் காலையில் முதல் வேலையாக முடியுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் மூடினால் பக்கத்தில் நிற்கும் ஆளே தெரியமாட்டார். பிற்பகலில் கோடை மழை வந்தால் படகும் நின்றுவிடும். தாவரவியல் பூங்கா சரிவில் 55 ஏக்கர்; தாத்தா பாட்டி கீழ்ப் புல்வெளியோடு நிற்கட்டும். ஒரு நாளைக்கு இரண்டே இடம், அதற்கு மேல் வேண்டாம்.

விடுதியில் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. சுடுதண்ணீர் நாள் முழுக்கவா, காலையில் மட்டுமா? வாடகை வண்டியானால் ஓட்டுநர் படுக்க இடம் உண்டா? இரவு முழுக்க ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு குளிரில் தூங்கியவர்தான் மறுநாள் உங்கள் குடும்பத்தை மலையிறக்கப் போகிறார். குளிர் தாங்கவில்லை என்று கரியடுப்பை மட்டும் அறைக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வெளியே மூட்டி அணைந்ததுபோல் இருக்கும் அடுப்பும் ஆபத்துதான். இன்னொரு கம்பளி கேளுங்கள், கொடுப்பார்கள்.

சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் குக்கர் கொண்டுவாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுவதால் திறந்த பானையில் பருப்பு லேசில் வேகாது. பிளாஸ்டிக் பை, தட்டு, குவளை, சிறு தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம். சோதனைச் சாவடியில் பறிமுதலும் உண்டு, அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்துவந்தால் வழியிலுள்ள தண்ணீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம்.

முதுமலை, மசினகுடி போகிறவர்களுக்கு: செல்போன் வரைபடம் கல்லட்டி சாலையைத்தான் குறுக்குவழி என்று காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுள்ள அந்தச் செங்குத்துச் சாலையில் வெளியூர் வண்டிகள் இறங்க அனுமதியில்லை, சாலை தொடங்கும் தலைக்குந்தாவிலேயே திருப்பிவிடுவார்கள். கூடலூர் வழியாகத்தான் போகவேண்டும். தூரம் இரு மடங்குக்கும் மேல். வழியில்தான் பைக்காரா இருக்கிறது என்பதால் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துவிடுங்கள். முதுமலையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குப் போகும் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

இனி இறக்கம். விபத்து பெரும்பாலும் ஏறும்போது நடப்பதில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் இறக்கத்தை பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே ஓட்டினால் பிரேக் பேட் சூடேறும், அந்தச் சூட்டில் பிரேக் ஆயிலும் கொதிக்கும். ஆயிலில் குமிழி வந்தபின் பெடல் பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். மாற்றி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் கிளம்புவதற்கு முன் மாற்றுங்கள்.

எந்த கியரில் அந்தச் சரிவை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் ‘டி’யிலேயே விட்டுவிடுகிறார்கள். அது வேகம் கூடக் கூட மேல் கியருக்குத் தாவும். ‘எல்’ அல்லது கைமுறை கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரேக்கை அழுத்தமாக ஒருமுறை மிதித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். பேருந்துக்குக் கொண்டை ஊசியின் முழு அகலமும் தேவை. அது திரும்பி முடியும்வரை வளைவுக்கு முன்பே நில்லுங்கள்.

கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஊட்டியை விட்டுக் கிளம்பி, கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள குஞ்சப்பனையை வெளிச்சத்திலேயே தாண்டிவிடுங்கள். கோடையில் பலா பழுக்கும்போது அந்தப் பக்கம் யானைகள் சாலைக்கு வரும். யானை நின்றால் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், படமெடுக்க இறங்கவும் வேண்டாம். அது போன பிறகு போகலாம்.

இப்படிக்கு,
நீலகிரிவாசிகள் சிலர்