குங்குமம் வைத்த திருகு அளவி

ஆசிரியருக்கு வணக்கம்.

ராக்கெட் ஏவுவதற்கு முன் விஞ்ஞானிகள் திருப்பதிக்குப் போகலாமா என்று கேட்டுத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாமி கும்பிடுகிறவர் அரைகுறை விஞ்ஞானிதான் என்ற தொனி அதில் இருந்தது. திருநீறு பூசிக்கொண்டே 31 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆய்வகத்தில் திருகு அளவி, வெர்னியர் அளவி, தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். பொரி, சுண்டல் உண்டு. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் முதல் வேலை, அத்தனை கருவிகளையும் துடைப்பது. திருகு அளவியின் இரு முனைகளுக்கு நடுவே துளி குங்குமம் ஒட்டியிருந்தாலும் கம்பியின் தடிமனைக் கூட்டிக் காட்டிவிடும். துடைத்த பிறகு சுழிப்பிழை (நடுவே எதுவும் வைக்காதபோதே கருவி காட்டும் தவறான அளவு) பார்த்துக் குறிக்காமல் யாரையும் அளக்க விடமாட்டேன். ஒரு வருடம் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி, “பூஜை போட்டதைத் துடைக்கலாமா சார்?” என்று துணியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். “கும்பிட்டாச்சு, இனி அளக்கணும். துடைம்மா” என்றேன்.

நான் வசிப்பது நாமக்கல். ராமானுஜன் கும்பிட்ட நாமகிரித் தாயார் எங்கள் ஊர்க்காரி. தாயார் கனவில் வந்து சூத்திரங்களைத் தந்தாள் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் 1913-இல் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதை மிகச் சொற்பப் பிழையோடு சொல்லிவிடலாம் என்று ராமானுஜன் எழுதியிருந்தார். அந்தக் கூற்று சரியென்று நிற்கவில்லை. கனவில் வந்ததோ, கணக்கில் வந்ததோ, நிரூபணம் கேட்டார் ஹார்டி. அவர் கடவுளை நம்பாதவர். இவர் ஆசாரமான வைணவர். எண்களின் பிரிவினை (ஓர் எண்ணைச் சிறிய எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பது) பற்றி இருவரும் சேர்ந்து 1918-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் எந்த வரி பக்தருடையது, எந்த வரி நாத்திகருடையது என்று பிரித்துக் காட்ட முடியுமா?

பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த மதப்பற்றுள்ளவர், நோபல் விருந்தில் குர்ஆன் வசனம் சொன்னவர். அவரோடு 1979-இல் பரிசைப் பகிர்ந்த ஸ்டீவன் வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர். மின்காந்த விசையையும் வலிமை குறைந்த அணுக்கரு விசையையும் இணைக்கும் ஒரே கோட்பாட்டுக்கு இருவரும் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள். 1983-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் அந்தக் கோட்பாடு முன்கூட்டிச் சொன்ன துகள்கள் அகப்பட்டபோது இருவர் சொன்னதும் சேர்ந்தே உறுதியானது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். “ராமானுஜனே கும்பிட்டார், கலாமே கீதை படித்தார், ஆகவே எல்லாம் நம் சாஸ்திரத்திலேயே இருக்கிறது” என்று மேடையில் பேசுகிறார்களே, அதுதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது. அப்படிப் பார்த்தால் நோபல் பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் தன்னை நாத்திகர் என்றே சொன்னாரே, அவரை வைத்துக் கடவுள் இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா?

சந்திரயானுக்காக 2019-லும் கோயிலுக்குப் போனார்கள், 2023-லும் போனார்கள். முதல் தடவை, நிலவில் இறங்கவேண்டிய லேண்டர் விழுந்து நொறுங்கியது. அப்புறம் என்ன செய்தார்கள்? எங்கே தவறியது என்று தரவுகளைத் துருவினார்கள். 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்றிருந்த தரையிறங்கும் பரப்பை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். கும்பிட்டவர்களும் கும்பிடாதவர்களும் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை அது.

அடுத்த ராக்கெட் கிளம்பும்போதும் கோயில் படம் வரும், போடுங்கள், தவறில்லை. ஆனால் முந்தைய தோல்வியில் எது பழுதானது, அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி அதே பக்கத்தில் அரைப் பக்கமாவது எழுதுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நாமக்கல்.