திங்கட்கிழமை மனுவோடு வரும் ஊராட்சித் தலைவர்: மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்களுக்கு வணக்கம்.

1997 ஜூன் 30, ஒரு திங்கட்கிழமை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்துவிட்டு, பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். தேர்தல் தகராறில் எரிக்கப்பட்ட தலித் வீடுகளுக்கு நிவாரணம் கேட்கத்தான் அன்றைக்கு வந்திருந்தார். மேலவளவு அருகே பஸ்ஸை மறித்து, அவரையும் மேலும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார்கள்.

தலைவராக அவர் வாழ்ந்தது ஆறு மாதம்தான். 1996-ல் அந்த ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் மனுப் போட்டவர்கள் மிரட்டலுக்குப் பயந்து வாபஸ் வாங்கினார்கள். அடுத்த முறை வாக்குப்பதிவு நடக்கும்போதே வாக்குச்சாவடியில் புகுந்து கலைத்தார்கள். மூன்றாவது முறை, ஆண்டுக் கடைசியில், போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில்தான் அவர் ஜெயித்தார். ஜெயித்து என்ன, ஊராட்சி அலுவலகத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. அப்படியும் அவர் பதவியைத் துறக்கவில்லை, ஊரை விட்டுப் போகவும் இல்லை. உங்கள் அலுவலகத்தை நம்பி மனுவோடு வந்தார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்துவிட்டது. அது நீங்கள் எடுத்த முடிவு இல்லை, தெரியும். உங்கள் கையில் இருப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1994 ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர் நீங்கள்தான். பிரிவு 205-ன்படி தலைவரைப் பதவிநீக்கம் செய்யும் அதிகாரமும் உங்களிடம்தான். தனித் தொகுதித் தலைவர்கள் பலரை அந்தப் பிரிவு வரைக்கும் எப்படிக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஊர் பெயர் வேண்டாம். தலைவி, நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். குடிநீர் மோட்டார் எரிந்துபோனது. மெக்கானிக் சரிசெய்துவிட்டார், ஆனால் பணம் வராமல் மோட்டாரைத் தர மாட்டேன் என்கிறார். பணம் எடுக்கத் துணைத் தலைவரும் ஒப்புதல் தர வேண்டும். அவர் ஆதிக்கச் சாதிக்காரர். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடிக்கிறார். தெருவில் காலிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன, திட்டு முழுக்கத் தலைவிக்கு. அந்த அம்மா இரண்டு மாத ரசீதுகளை ஒரு மஞ்சப் பையில் போட்டு மடியிலேயே வைத்திருந்தார். அலுவலகத்தில் தலைவர் நாற்காலி காலியாகக் கிடந்தது, அவர் உட்கார்ந்திருந்தது சுவரோரம் ஒரு ஸ்டூலில். ஏன் என்று கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் ஆதிக்கச் சாதி உறுப்பினர்கள் யாரும் உள்ளே வர மாட்டார்கள், கூட்டமே நடக்காது என்றார். கொஞ்ச நாள் கழித்து, நிர்வாகம் சரியில்லை என்று அவர் மேலேயே புகார் போனது. அப்புறம் விளக்கம் கேட்டு நோட்டீஸ்.

அவரும் மனு கொடுத்துத்தான் பார்த்தார். அது ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டார வளர்ச்சி அலுவலரான பிடிஓ அலுவலகம் போய், அங்கிருந்து ஊராட்சிச் செயலருக்கு வந்தது. அந்தச் செயலர் மேலேயும்தான் அந்த மனுவில் புகார் சொல்லியிருந்தார்.

2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியான பிறகுதான் நடவடிக்கை வந்தது. படம் எடுக்க ஆளில்லாத ஊர்கள் எத்தனையோ. அதே வருடம் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைச் சுதந்திர தினக் கொடி ஏற்ற விடவில்லை. சில நாளில் ஆட்சியரே நேரில் போய், அவர் கையால் கொடியேற்ற வைத்தார். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்து வருடம் முறையாகத் தேர்தல் நடத்த முடியாமல் இருந்தது. 2006-ல் அன்றைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் அந்த ஊர்களுக்குப் போய், மக்களோடு உட்கார்ந்து பேசினார்; தேர்தல் நடந்தது. ஆக, ஆட்சியர் மனசு வைத்தால் முடியும், முடிந்திருக்கிறது.

அதனால் கேட்கிறேன். கிராம சபைக்கு நீங்கள் எந்த ஊருக்குப் போகலாம் என்று முடிவு செய்யும்போது, இப்படிப்பட்ட தனித் தொகுதி ஊராட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தலைவரை அவர் நாற்காலியில் உட்காரச் சொல்லி, பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். 205 நோட்டீஸில் கையெழுத்துப் போடும் முன்பு, பணம் எடுக்க ஒப்புதல் தராமல் இருந்தது யார் என்று பாருங்கள். மிரட்டல் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், அந்த மனுவைக் கீழே அனுப்பாமல் நீங்களே வைத்துக்கொண்டு எஸ்பிக்குப் போன் போடுங்கள்.

அப்புறம், மனுவை வாங்கிக்கொண்ட கையோடு, ஊருக்கு எப்படிப் போகிறீர்கள், கூட யார் வருகிறார்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தனியாகப் பஸ்ஸில்தான் போகிறேன் என்று சொன்னால், அன்றைக்கு மட்டும் ஒரு ஜீப்பை அவரோடு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கிராம சபைகளுக்குத் தவறாமல் போகும் ஒரு குடிமகன்