கரண்ட் போனது, பாட்டு நிற்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் அலுவலகச் சேர்ந்திசைக் குழுவின் 25ஆம் ஆண்டு நிகழ்ச்சி பற்றிச் சென்ற இதழில் எட்டு வரி போட்டிருந்தீர்கள். நன்றி, வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் எட்டு வரியில் இரண்டு பிழை. 'மெல்லிசைக் கச்சேரி' என்று போட்டது ஒன்று. 'மின்தடையால் நிகழ்ச்சி பாதியில் தடைபட்டது' என்பது இன்னொன்று. முதலாவதையாவது பொறுத்துக்கொள்ளலாம், இரண்டாவதற்கு மனம் ஒப்பவில்லை.

மெல்லிசை என்றால் முன்னால் ஒரு பாடகர், பின்னால் வாத்தியங்கள். நாங்கள் 31 பேர். ஒரே பாட்டை இரண்டு மூன்று குரல்வரிசைகளாகப் பிரித்துக்கொண்டு சேர்ந்து பாடுகிறோம். முறையாகப் பாட்டுக் கற்றவர்கள் எங்களில் நாலு பேர் தேறினால் அதிகம். உண்மையைச் சொன்னால் அவர்களால்தான் தொல்லையும். நேராகப் பிடிக்க வேண்டிய ஸ்வரத்தை அசைத்து வளைத்துக் கமகம் போட்டுவிடுவார்கள், பக்கத்தில் நிற்பவர் வழுக்கிப் போவார்.

தொடங்கிய காலத்தில் சுருதியே பெரிய வழக்காக இருந்தது. சுருதியை, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஒலியின் உயரத்தை, கட்டைக் கணக்கில் சொல்வார்கள். எண் கூடினால் உயரம் கூடும். ஆண்களுக்கு ஒரு கட்டை சௌகரியம், பெண்களுக்கு ஐந்து. நடுவாக மூன்று கட்டை வைத்துப் பார்த்தோம். ஆண்கள் கத்தினார்கள், பெண்கள் முனகினார்கள். ஆறு மாதம் இப்படியே ஓடியது. எங்களைச் சேர்த்த அண்ணன் (அப்போது கணக்குப் பிரிவில் இருந்தார்) வானொலியில் எம்.பி. சீனிவாசன் நடத்திய சேர்ந்திசையைக் கேட்டு வளர்ந்தவர். "எல்லாரும் ஒரே மெட்டைப் பாடணும்னு யாருய்யா சொன்னது?" என்று ஒருநாள் கேட்டார். மெட்டை ஆண்களிடம் கொடுத்து, பெண்களுக்கு அவர்கள் குரலுக்கு வாகாக வேறொரு வரிசை அமைத்தார். வழக்கு தீர்ந்தது.

எம்.பி.எஸ். பெயரை இன்றைய வாசகர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ. 1925இல் பிறந்தவர். மலையாளப் படங்களுக்கு நிறைய இசையமைத்தார். சினிமா வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழு அவர் தொடங்கியதுதான். 1988இல் லட்சத்தீவில் காலமானார். சங்கம் கட்டிய மனிதர் சேர்ந்து பாடவும் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

எங்கள் ஒத்திகை மதியச் சாப்பாட்டு நேரத்தில், ரெக்கார்டு ரூமில். ஒன்றரை மணிக்கு டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் கிடைக்கும். சுற்றிலும் பழைய கோப்புகள் அடுக்கியிருப்பதால் எதிரொலியே கிடையாது, தப்பு அப்பட்டமாகக் கேட்கும். எனக்கு இரண்டாவது வரிசை. பக்கத்து மெட்டு இழுத்துக்கொண்டு போகாமலிருக்க, இன்றும் ஒரு காதில் விரலை வைத்துக்கொண்டுதான் பாடுகிறேன். அண்ணன் ஸ்டீல் அலமாரியில் மோதிரத்தால் தட்டித் தாளம் தருவார். மைக் என்ற பேச்சே இல்லை.

இனி அந்த மின்தடைக்கு வருகிறேன். ஆறாவது பாட்டின் சரணத்தில் கரண்ட் போனது. மைக், கீபோர்டு, மின்சாரச் சுருதிப் பெட்டி எல்லாம் ஒன்றாக ஓய்ந்தன. வாசற்பக்கம் ஒரு அவசர விளக்கு மட்டும். அண்ணன் கை எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு விநாடி இருக்கும், இரும்பு நாற்காலியின் முதுகில் டக் டக்கென்று மோதிரம் விழும் சத்தம் கேட்டது. ரெக்கார்டு ரூம் சத்தம். ஒருவரும் நிறுத்தவில்லை. அந்தப் பாட்டை முடித்து, அடுத்ததையும் இருட்டிலேயே எடுத்தோம். சபையில் விசிறியும் ஓடாததால் கடைசி வரிசை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். உங்கள் நிருபர் அந்த நேரத்தில் காபி சாப்பிடப் போயிருக்கலாம். அவரைக் குறை சொல்லவில்லை, காபி நன்றாகத்தான் இருந்தது.

மறைக்காமல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்டின் நடுவில் கரண்ட் திரும்பியதும் சுருதிப் பெட்டி தானாக ஒலிக்க ஆரம்பித்தது. கேட்டால் நாங்கள் அதற்கு அரைக் கட்டை கீழே இருந்தோம். 31 பேரும் ஒற்றுமையாக இறங்கியிருக்கிறோம்! அண்ணன் சத்தமில்லாமல் போய் அதன் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்தார்.

இப்படிக்கு,
இரண்டாம் குரல்வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற ஊழியர்,
மேற்கு மாம்பலம், சென்னை.