காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் விளைவிக்க முறைநீர் கோரும் மனு

அனுப்புநர்:
கடைமடை நெல் விவசாயிகள்

பெறுநர்:
வேளாண்மைத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: நெல் வயல்களில் மீத்தேன் வெளியேற்றத்தைக் குறைக்க, வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடும் நாட்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பருவநிலை பற்றிய கூட்டங்களில் எங்களிடம் இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஜனத்தொகை பெருகிவிட்டதாம், நாங்கள் வயலில் தண்ணீரைத் தேக்குகிறோமாம். இரண்டும் பொய்யில்லை. 1960-இல் 300 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. ஆனால் காற்றில் கரியமில வாயு 280 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 280 பங்கு) 420-ஐத் தாண்டியதற்கு முதற்காரணம் நிலக்கரியும் பெட்ரோலியமும்தான். அவற்றை அதிகம் எரித்தவர்கள் பிள்ளைகளை அதிகம் பெற்றவர்கள் அல்ல.

எங்கள் பங்கை மறைக்கவில்லை. தண்ணீர் நிற்கும் சேற்றில் காற்றோட்டம் கிடையாது. அங்கே மக்கும் நெல்தாளையும் வேர்க்கசிவையும் நுண்ணுயிரிகள் மீத்தேனாக்குகின்றன. பெரும்பகுதி பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 27 மடங்கு சூடேற்றும். அடிபடுவதும் நாங்களே: பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகிறது.

இதற்கு வழி காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். விளைச்சல் குறையாமல் மீத்தேன் வெகுவாகக் குறையும்.

தெரிந்தும் ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவன் இருக்கும் தண்ணீரை வடியவிட மாட்டான். தலைமடையில் இருப்பவருக்கு அந்தப் பயம் இல்லை. எங்களுக்கு வாய்க்கால் நிறைந்த அன்றே வரப்பை உயர்த்திக் கட்டிக்கொள்வதுதான் காப்பீடு. பயிற்சி முகாம் எத்தனை நடத்தினாலும் இந்தப் பயம் போகாது.

ஆகவே நடவுக்கு முன்பே முறைநீர் அட்டவணையை வெளியிட்டு, கடைமடை வரை அந்த நாளில் தண்ணீர் வருவதை உறுதிசெய்ய வேண்டுகிறோம். நீர்வளத் துறையையும் தாங்களே உடன் அழைத்துப் பேச வேண்டும். இது ஒரு துறையால் முடிகிற வேலையல்ல. கூடவே நீர்மட்டக் குழாயும், இலையின் பச்சையைப் பார்த்து யூரியா அளவை முடிவுசெய்ய உதவும் இலை வண்ண அட்டையும் தாருங்கள். காய்ந்து நனையும் மண்ணில் யூரியா மிஞ்சினால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு சூடேற்றும் வாயு கூடும். ஒன்றைக் குறைத்து இன்னொன்றை ஏற்றிவிடக் கூடாது.

அடுத்த நாற்று விடுவதற்குள் ஆணை கிடைத்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
கடைமடை நெல் விவசாயிகள்